கீழே வைக்காத கூடை

என் ஆசை நைனாவுக்கு,

உன் இடுப்புவலி இப்போது தேவலையா? செத்துப்போன மனுஷனுக்கு ஏதுடி இடுப்பு என்று அம்மா பக்கத்திலிருந்து திட்டுகிறாள். திட்டட்டும். கடைசி மூன்று மாதமும் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து உனக்கு ஒத்தடம் கொடுத்தவள் நான்தானே, பெற்ற மகள் நான் கேட்காமல் யார் கேட்பது? இந்தக் கடிதமே அந்த இடுப்பைப் பற்றியதுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு வருஷத் திதி. அதற்குள் உன்னிடம் சில சமாச்சாரங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்றுக்கு உன் சம்மதமும் வேண்டும். நீ பதில் சொல்ல மாட்டாய் என்று தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னாயா என்ன?

முதலில் எல்லை விவகாரம். ஆந்திரா தனியாகப் பிரிந்த நாளிலிருந்து உனக்கு அதே கவலை. நகரிச் சந்தைக்குப் போனாலும் சரி, யாருக்காவது துணையாகத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, பேப்பர் வைத்திருக்கிற ஆளைக் கண்டால் விடமாட்டாய். எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறதா சார் என்று கேட்பாய். போட்டுவிட்டார்கள், நைனா. நீ போன சில மாதத்திலேயே முடிவாகிவிட்டது. நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஓடைக்கு அந்தக் கரை மெட்ராஸ் ராஜ்யம்.

நம் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டது. உன் பேத்தி ஒரு ராஜ்யத்தில் தூங்கி எழுந்து, இன்னொரு ராஜ்யத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டு, பசியோடு திரும்பி வருகிறாள். நடுவில் இருப்பது நீ கட்டிய தரைப்பாலம் மட்டும்தான். நீ கட்டியது என்றால் உனக்குக் கோபம் வரும், ஊர் கட்டியது என்பாய். சரி, ஊர் கட்டியது.

அந்தப் பாலம் ஐப்பசி மழையில் போய்விட்டது, நைனா.

நடுப்பகுதி அப்படியே கரைந்து, கல்லெல்லாம் உருண்டு போய், ஓடையில் ஆள் இறங்க முடியாத தண்ணீர். தை பிறக்கும் வரை நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்னொரு மழைக்காலமும் இப்படிப் போனால் அத்தோடு படிப்பு முடிந்தது. பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று சொல்ல நம் ஊரில் ஆளா இல்லை? உன் பேத்தியை மாடு ஓட்ட அனுப்பலாமே என்று இரண்டு பேர் என்னிடமே வந்து யோசனை சொன்னார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மனு எழுதிக்கொண்டு நானும் உன் மருமகனும் இந்தப் பக்கத்து ஆபீஸுக்குப் போனோம். குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, "இதி மாதி காதம்மா, ரேப்பு ரா" என்றார். அந்தப் பக்கத்து ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்தவர் அதையே நல்ல தமிழில், "இது எங்களுது இல்லம்மா, நாளைக்கு வா" என்றார். எங்களுடையது இல்லை என்கிறவர் நாளைக்கு எதற்கு வரச் சொல்கிறார்? இரண்டு இடத்திலும் எனக்குப் புரியவில்லை. வழியெல்லாம் உன் மருமகன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. ஆந்திரா பிரிந்த புதுசில் உனக்கும் இதே கதைதானே நடந்தது? எல்லை முடிவாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டாய். எவ்வளவு தருவாய் என்று ஒருவரையும் கேட்கவில்லை. உன் வீட்டு நாள் எந்தக் கிழமை என்றுதான் கேட்டாய்.

கொடுக்க ஒன்றும் இல்லையே என்று கூசியவர்களிடம் திருமலையை இழுத்தாய். "உண்டியல்ல போடக் காசு இல்லாதவன் முடியக் குடுத்துட்டு வர்றான். சாமி வாணாம்னா சொல்றாரு? ரெண்டையுந்தான் வாங்கிக்கிறாரு. நீ ஒரு நாளக் குடு." வண்டி வைத்திருந்தவர் இரண்டு நடை கல் அடித்தார். கைக்குழந்தைக்காரிகள் கூழுக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். நான் உன் பேத்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு நீர்மோர்ப் பானைக்குக் காவல் இருந்தேன். அந்தப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

வரிசை எப்படி நின்றது என்று உனக்கு மறந்திருக்காது. சேரிப் பக்கத்து மேட்டில் மண் வெட்டினார்கள். அங்கிருந்து ஓடை வரைக்கும் கைக்குக் கை கூடை மாறி வரவேண்டும். மேட்டிலிருந்து பாதி தூரம் சேரிக்காரர்கள், அதற்குமேல் ஓடை வரை ஊர்க்காரர்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் மட்டும் கூடை கை மாறாது. அவர்கள் தரையில் வைப்பார்கள், நம் ஆள் குனிந்து எடுப்பார். இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த இடத்தில் நிற்க ஊரில் ஒருவரும் வரவில்லை. மண் நிறைந்த கூடையை நாள் முழுக்கத் தரையிலிருந்து தூக்குவது லேசா? நீ போய் நின்றாய். வேலை முடிகிற வரை தினமும் நீயேதான் நின்றாய். உனக்கு எதிரில் நின்றவள் கன்னியம்மா, சேரியில் மண்வேலைக்கு முதல் ஆள், அம்மா வயசுக்காரி. அவள் வைப்பாள், நீ குனிவாய். பாலம் முடிந்தபோது உன் இடுப்பும் முடிந்துபோயிருந்தது.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். தை பிறந்ததும் நானும் உன்னைப்போலவே கிளம்பினேன். முதலில் போனது கன்னியம்மாவிடம். அவளுடைய கடைசி மகளும் உன் பேத்தியும் ஒரே வகுப்பு, அதனால் உடனே சரி என்பாள் என்று நினைத்தேன். சேரித் தெருமுனையில் நின்றுதான் கூப்பிட்டேன். உள்ளே போகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் வந்தாள். நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"உங்க நைனா வந்து எந்தக் கிழமைன்னு கேட்டாரு, எல்லாக் கிழமையும் குடுத்தோம் சின்னம்மா. எங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுக்குன்னு ஒரு நாளு வேலை செஞ்சாரு. உங்க பெரியப்பா வூட்டுக்குன்னு நாலு நாளு செஞ்சாரு. பேரு உங்க பெரியப்பாவுக்குத்தான். இந்த வாட்டி அவங்கவங்க நாள அவங்கவங்களே வந்து குடுக்கட்டும். ஆளு அனுப்பறது வாணாம். அப்படின்னா நாங்களும் வர்றோம்."

எனக்குச் சுருக்கென்றது. நீர்மோர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன் என்றேனே, இதை நான் பார்க்கவில்லை. நிலம் உள்ள வீடுகள் எல்லாம் நாள் கொடுத்ததாகத்தான் ஊரில் இன்றுவரை பேச்சு. வந்து நின்றவை யாருடைய கால்கள் என்று நான் யோசித்ததே இல்லை. உனக்குத் தெரியுமா, நைனா? தெரிந்திருக்கும். நீதானே வரிசையை நிறுத்தினாய்?

உன் அண்ணனிடம், அதாவது பெரியப்பாவிடம், போய்ச் சொன்னேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி கேட்டார். பாலத்துக்கு எவ்வளவு பணம் வேண்டுமானாலும் தருவதாகவும், மண் தூக்க மட்டும் கூப்பிடக் கூடாது என்றும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "காசக் கொட்டினா ஓடை அதையும் கரைச்சிக்கினு பூடும் பெரியப்பா. மண்ணக் கொட்டணும். அதுக்கு ஆளு வரணும்" என்றேன். யாரிடம் பேசுகிறாய் என்று பெரியம்மா உள்ளேயிருந்து அதட்டினாள்.

ஆண்கள் ஒன்றும் முடிவு செய்யாமல் பத்து நாள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பெண்கள்தான் முதலில் வந்தார்கள். மூன்று மாதமாகப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு தவித்தவர்கள் அவர்கள்தானே. வீட்டுக்கு வீடு போய், உன் வாய்ப்பாட்டையே சொன்னேன்: எந்தக் கிழமை? திங்கள் என்றாள் ஒருத்தி, புதன் என்றாள் இன்னொருத்தி. நடக்க முடியாதவள் கூடை முடைந்து கொடுத்தாள். அந்தக் கரைக்காரர்கள் செய்தி கேட்டு அவர்கள் பக்கத்திலிருந்து வேலையை ஆரம்பிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞாயிற்றுக்கிழமையைத் தந்தார். உன் மருமகன் தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். நீ வீட்டில் சோறாக்கு, நான் போகிறேன் என்றேன். மனுஷன் எனக்கு முன்னால் மண்வெட்டியோடு போய் நின்றார்.

திங்கட்கிழமை காலை வரிசை நின்றது. இந்த முறையும் யாரும் சொல்லவில்லை. மேட்டிலிருந்து பாதி தூரம் அவர்கள், மீதி தூரம் நாம். நடுவில் நீ நின்ற இடம் காலியாக இருந்தது. எல்லாரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். கரைமேல் பெரியப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார், அன்றைக்கு நீ மண் தூக்கியபோது அவர் நின்ற அதே இடத்தில். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உன் இடத்தில் நின்றேன்.

எதிரில் கன்னியம்மா. முதல் கூடை வந்தது. பழக்கம் பார், அவள் தரையில் வைக்கக் குனிந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"கீழ வெக்காத. கைல குடு."

அவள் கொடுக்கவில்லை. கூடையைப் பிடித்தபடியே கரையைப் பார்த்தாள்.  சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்க நைனாவுக்கு இடுப்பு போனது போதும். எனக்கு வூட்ல வேலை கீது, குடு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் கொடுத்தாள். கூடைக்கு அடியில் அவள் விரலும் என் விரலும் பட்டன. ஈரமண், அவ்வளவுதான். கூடை நல்ல கனம். அதைத் திரும்பி அடுத்தவளிடம் கொடுத்தேன். அவள் ஒரு கணம் தயங்கினாள், பிறகு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாருக்கும் தயங்க நேரமில்லை. நீ ஒரு நாள் முழுக்க இடுப்பொடியச் சேர்த்த மண் மத்தியானத்துக்குள் ஓடையில் விழுந்துவிட்டது, நைனா. அந்தக் கூடைகளைத் தரையில் வைத்து எடுத்ததில் எவ்வளவு பொழுது போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தபோது கரையில் பெரியப்பா இல்லை.

இடுப்புக்காக வாங்கினேன் என்று சொன்னது பொய். உனக்கு அது தெரியும். கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம், ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "கைல வாங்கி இருக்கலாம், தேவானை" என்றாய். எதைச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்றுதான் கேட்டேன். "அண்ணன் கரைமேல நின்னுக்கினு இருந்தாரு" என்றாய். 

அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. யார் வீட்டில் சாவு என்றாலும், யாருக்குப் பிரசவ வலி என்றாலும் ஓடுகிற மனுஷன், ஒரு கூடையைக் கையில் வாங்கப் பயந்திருக்கிறாயே என்று கோபம். உப்பு மூட்டையை அழுத்தி வைத்தேன். சுடுகிறது என்றாய். வேண்டுமென்றுதான் வைத்தேன், மன்னித்துக்கொள். உன் இடத்தில் நின்ற பிறகுதான், கரையில் நிற்கிறவரின் பார்வை முதுகில் எப்படி எரிகிறது என்று தெரிந்தது. கோபமெல்லாம் போய்விட்டது. பாவம் நைனா நீ. அத்தனை நாளும் அந்தப் பார்வைக்குக் கீழே குனிந்து நிமிர்ந்தாயே.

பாலம் நிமிர்ந்துவிட்டது. அந்தக் கரைக்காரர்கள் அங்கிருந்து, நாங்கள் இங்கிருந்து, நடுவில் சேர்ந்தோம். பிள்ளைகள் மண் காய்வதற்குள் ஓடிப் பழகிவிட்டார்கள். உன் பேத்தியும் கன்னியம்மாவின் மகளும் ஒரே குடைக்குக் கீழே போகிறார்கள், வெயிலுக்கு. உன் பேத்தி வாய்ப்பாட்டை மூன்று மாதத்தில் மறந்துவிட்டு, இப்போது ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுகிறாள். நீ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் சேர்ந்து தடுக்குவாய்.

ஆனால் நைனா, உன் திதிக்குப் பெரியப்பா வரமாட்டாராம். மகன் இல்லாத உனக்குப் பெரியப்பா மகன்தான் பிண்டம் வைப்பதாகப் பேச்சு. அவனும் வரமாட்டானாம். கூடையைக் கையில் வாங்கியவள் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பங்காளிகள் ஒருவரும் இல்லாமல் இந்த மனுஷனுக்கு இலை போடும்படி ஆயிற்றே என்று அம்மா இரண்டு நாள் அழுதாள். உன் மருமகன், நான் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் அழுகை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பாலம் கிடைத்தது, உன் அண்ணன் போனார். நீயாக இருந்தால் இதைச் செய்திருப்பாயா?

செய்தி சேரிக்கும் போய்விட்டது. நேற்று முன்தினம் கன்னியம்மா நம் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள்.

"பாலம் கட்டறப்போ மத்தியானத்துல உங்க நைனா கரைமேல தனியா உக்காந்து தயிர்சோறு துன்னுவாரு. எங்க களி வாசனைக்கு ஒரு வாட்டி திரும்பிப் பாப்பாரு. நாங்க எங்களுக்குள்ள சிரிச்சுக்குவோம். படையலுக்கு நான் ஒரு சட்டி கேவுரு களி கொண்டாரட்டா, சின்னம்மா? மண்ணுக் கூடைய வாங்கின. களிச் சட்டிய வாங்குவியா?"

 பெரியப்பாவை எதிர்த்துப் பேசின வாய், மனு எடுத்துக்கொண்டு இரண்டு ராஜ்யத்துக்கும் போன வாய், அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. மண் வேறு, சோறு வேறு என்று எனக்குள்ளே ஒன்று சொல்லிற்று. அது உன் குரலா, பெரியப்பா குரலா, என் குரலேதானா?  அவள், யோசித்துச் சொல்லு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அம்மா உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.  மறுநாள் காலையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"களிக்கு அவ இன்னா கொழம்பு வெப்பாளாம்?"

கேட்கவில்லை என்றேன்.

"போய்க் கேட்டுட்டு வா. உங்க நைனாவுக்குக் கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு. படையலுக்கு ஆவாது. கீரை கடையச் சொல்லு."

நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். இந்த முறை தெருமுனையில் நின்று கூப்பிடவில்லை. உள்ளே நடந்து போய், அவள் வாசலில் நின்று, அம்மா கீரை கடையச் சொன்னாள் என்றேன். கன்னியம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. முருங்கையா சிறுகீரையா என்று மட்டும் கேட்டாள்.

அதற்குத்தான் உன் சம்மதம் கேட்டேன். காக்கா வந்து எடுத்தால் சம்மதம் என்று வைத்துக்கொள்வேன். எடுக்காவிட்டாலும், நானும் அம்மாவும் கன்னியம்மாவும் உட்கார்ந்து சாப்பிடத்தான் போகிறோம். சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பாலத்துக்கு ஒரு நாள், நம் வீட்டு நாள் திங்கட்கிழமை. ஆள் அனுப்ப மாட்டேன், நானே வருவேன், உன் இடத்தில் நிற்பேன். அதற்கு முன்னால் இந்த வெள்ளிக்கிழமை, அவள் களிச்சட்டியோடு வரும்போது, தரையில் வைக்க விடமாட்டேன். இரண்டு கையாலும் வாங்குவேன்.

நீ வா, நைனா. கரைமேல் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதே. வந்து உட்கார்ந்து, சுடச்சுடச் சாப்பிடு.

உன் இடத்தில் நிற்கிற உன் மகள்,
தேவானை